சேலஞ்சர் இரட்டையர்: முதல் சீட் ஜோடி முதல் சுற்றிலேயே ஏன் விழுகிறது?

புதுப்பார்வை:

ஏடிபி சேலஞ்சர் தொடரின் (ஆண்கள் டென்னிஸில் பெரிய போட்டிகளுக்கு அடுத்த நிலை) இரட்டையர் டிராவை, அதாவது யார் யாரோடு மோதுவது என்ற அட்டவணையை, வாராவாரம் பார்த்தால் ஒன்று கண்ணில் படும். ஒற்றையரில் முதல் சீட் (தரவரிசைப்படி டிராவில் முதலிடம் தரப்பட்டவர்) தோற்றால் அது செய்தி. இரட்டையரில் முதல் சீட் ஜோடி 6-4, 3-6, 8-10 என்று முதல் சுற்றோடு கிளம்பிவிட்டால் யாரும் அலட்டிக்கொள்வதில்லை. இரட்டையர் தரவரிசையில் 80, 90 என்று நிற்கும் இருவர், ஜோடியாகப் பெயரே கேள்விப்படாத இருவரிடம் எப்படித் தோற்கிறார்கள்? டிரா அமைப்பு காரணமா, ஸ்கோரிங் முறையா, இல்லை இரட்டையர் என்றாலே சீட்டுக்கட்டா? "டென்னிஸில் எதுவும் நடக்கும்" வகைப் பதில் வேண்டாம். விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

வலையோரம்:

முதலில் டிராவை வாசிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். பாதி பதில் அதிலேயே இருக்கிறது.

சேலஞ்சர் இரட்டையர் டிரா 16 ஜோடி. நான்கு சுற்று: முதல் சுற்று, காலிறுதி, அரையிறுதி, இறுதி. சீட் நான்கு ஜோடிக்குத்தான். பை, அதாவது ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போவது, கிடையாது. முதல் சீட் டிராவின் முதல் வரியில், இரண்டாம் சீட் 16ஆம் வரியில். மூன்றும் நான்கும் குலுக்கலில் 5, 12 ஆகிய வரிகளுக்குப் போகும். மீதி 12 ஜோடியும் எங்கே வேண்டுமானாலும் விழலாம். ஆகவே சீட் இல்லாத ஒரு பலமான ஜோடி முதல் சுற்றிலேயே ஏதோ ஒரு சீட்டோடு மோத 12இல் 4, அதாவது மூன்றில் ஒரு வாய்ப்பு.

"சீட் இல்லாத ஜோடி எப்படிப் பலமாக இருக்கும்?" என்று கேட்பீர்கள். அங்கேதான் சூட்சுமம். நுழைவுப் பட்டியலுக்கு ஒருவர் தன் ஒற்றையர் தரவரிசை, இரட்டையர் தரவரிசை இரண்டில் எது நல்லதோ அதைக் காட்டலாம். சீட் போடும்போது பார்ப்பது இரட்டையர் தரவரிசையின் கூட்டுத்தொகை. ஒற்றையரில் 110ஆவது இடத்தில் இருப்பவரும் 140ஆவது இடத்தில் இருப்பவரும் சேர்ந்து பெயர் கொடுத்தால் 250 என்ற எண்ணோடு சுலபமாக உள்ளே வந்துவிடுவார்கள். ஆனால் அவர்களின் இரட்டையர் தரவரிசை 400, 600 என்று கிடக்கும். அதனால் சீட் இல்லை. டிரா தாளில் அவர்கள் வெறும் பெயர்கள். களத்தில் பார்த்தால், அந்த வாரம் அங்கே வந்திருப்பவர்களிலேயே பெரிய சர்வும் பெரிய ரிட்டர்னும் அவர்களிடம்தான் இருக்கும்.

எனவே "பேர் தெரியாத ஜோடி" என்று முடிவுகட்டும் முன் அந்த இருவரின் ஒற்றையர் தரவரிசையை ஒரு தடவை பாருங்கள்.

எண்கணக்கு:

ஸ்கோரிங் பங்கை நான் சொல்கிறேன். ஏடிபி இரட்டையரில் 2006 முதல் நோ-ஆட் முறை. 40-40 ஆனதும் ஒரே ஒரு பாயிண்ட், அதோடு கேம் முடிந்தது. மூன்றாவது செட்டுக்குப் பதிலாக 10 புள்ளி மேட்ச் டை-பிரேக்: இரண்டு புள்ளி வித்தியாசத்தோடு முதலில் 10 எடுப்பவர்களுக்கு ஆட்டம். சேலஞ்சரிலும் இதேதான்.

ஒரு ஜோடி தன் சர்வில் நூற்றுக்கு 65 பாயிண்ட் வெல்கிறது என்று வையுங்கள். எல்லாப் பாயிண்டும் ஒன்றையொன்று பாதிக்காதவை என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டால்:

பழைய அட்வான்டேஜ் முறையில் (40-40க்குப் பிறகு இரண்டு பாயிண்ட் முன்னிலை வேண்டும்) சர்வ் கேமை வெல்லும் வாய்ப்பு 83 சதவீதம்.
நோ-ஆட் முறையில் 80 சதவீதம்.

மூன்று சதவீதம்தானே என்று தோன்றும். அதைவிட முக்கியமான எண் வேறு. அதே 65 சதவீத ஜோடியின் சர்வ் கேமில் ஏறக்குறைய 23.5 சதவீதம் 40-40க்குப் போகும். இரண்டு செட்டில் 20 கேம் என்றால் நாலைந்து கேம் ஒற்றைப் பாயிண்டில் தீர்மானமாகிறது. இரட்டையரில் ஒரு செட்டுக்கு ஒரு பிரேக் (எதிரணியின் சர்வ் கேமை வெல்வது) போதும். அந்த நாலைந்தில் இரண்டு எதிர்ப்பக்கம் விழுந்தால் செட் கைமாறிவிடும்.

மேட்ச் டை-பிரேக் இன்னும் மோசம். ஒரு பாயிண்டை வெல்லும் வாய்ப்பு 52 சதவீதம் உள்ள ஜோடி, 10 புள்ளி டை-பிரேக்கை வெல்லும் வாய்ப்பு 57 சதவீதம்தான். முழு செட் ஆடினால் பாயிண்ட் எண்ணிக்கை கூடும், நல்ல ஜோடியின் பக்கம் தராசும் இன்னும் சாயும். கிராண்ட்ஸ்லாம் ஆண்கள் இரட்டையரில் அட்வான்டேஜும் முழு மூன்றாவது செட்டும் இருப்பதால் அங்கே பெரிய ஜோடிகள் கொஞ்சம் பாதுகாப்பாக இருக்கிறார்கள்.

டியூஸ்_பக்கம்:

@எண்கணக்கு, கணக்கு சரி. "பாயிண்டுகள் ஒன்றையொன்று பாதிக்காது" என்ற அனுமானத்தில்தான் எனக்கு இடிக்கிறது. 40-40இல் வரும் அந்தத் தீர்மானப் பாயிண்ட் மற்ற பாயிண்ட் மாதிரி இல்லை. எந்தப் பக்கத்திலிருந்து ரிட்டர்ன் எடுப்பது என்று ரிட்டர்ன் ஜோடி தேர்ந்தெடுக்கிறது. அந்தத் தேர்வைத்தான் பாதி ஜோடிகள் கோட்டை விடுகின்றன.

வழக்கமாக நடப்பது: இருவரில் நல்ல ரிட்டர்னர் யாரோ அவர் "நான் எடுக்கிறேன்" என்று போய் நிற்பார். சர்வ் செய்பவரும் அதைத்தான் எதிர்பார்த்துக் காத்திருப்பார். முதல் செட்டிலிருந்தே பார்க்க வேண்டியது எதிராளியின் சர்வை. அழுத்தம் வரும்போது அவர் எங்கே போடுகிறார்? 30-40இல், இரண்டாவது சர்வில் எங்கே போகிறார்? ஆட் பக்கத்தில் (ரிட்டர்ன் எடுப்பவரின் இடப்பக்கம்; வலப்பக்கம் டியூஸ்) அவருக்கு வெளிப்பக்க சர்வ் சரியாக விழவில்லையென்றால், உங்கள் இரண்டாம் தர ரிட்டர்னர் அங்கே நின்றாலும் லாபம்தான்.

இடதுகை சர்வர் என்றால் கேள்வியே வேண்டாம். ஆட் பக்கத்தைக் கொடுத்தால் அவர் பந்தை வெளியே வழுக்கிவிட்டு உங்கள் ஆளைத் தடுப்பு வலை வரைக்கும் ஓட வைப்பார். டியூஸ் பக்கம் எடுங்கள். இது தெரிந்தும் "என் பார்ட்னரின் பேக்ஹேண்ட் நன்றாக இருக்கிறது" என்று ஆட் பக்கம் எடுத்து மாட்டிக்கொள்ளும் ஜோடிகள் வாரத்துக்கு ஒன்றாவது உண்டு.

புதுப்பார்வை:

அப்படியானால் தீர்மானப் பாயிண்டுக்கு இருவரும் இடம் மாறிக்கொள்ளலாமா? ஆட் பக்க ஆள் டியூஸ் பக்கம் வந்து எடுக்கலாமா?

நாற்காலி_நடுவர்:

கூடாது. பக்கத்தைத்தான் தேர்ந்தெடுக்கலாம். செட் ஆரம்பத்தில் யார் எந்தப் பக்கம் ரிட்டர்ன் எடுக்க ஆரம்பித்தார்களோ அதே பக்கத்தில்தான் தீர்மானப் பாயிண்டையும் எடுக்க வேண்டும். அதனால் பக்கத் தேர்வு என்பது ஆள் தேர்வும்தான். இரண்டையும் தனித்தனியாகப் பிரிக்க முடியாது.

செட் முடிந்ததும் மாற்றிக்கொள்ளலாம். புது செட்டில் யார் முதலில் சர்வ், யார் எந்தப் பக்கம் ரிட்டர்ன் என்பதெல்லாம் புதிதாக முடிவு செய்யலாம். மேட்ச் டை-பிரேக்குக்கும் அதே உரிமை உண்டு. ஜோடிக்குள் சர்வ் வரிசையையும் ரிட்டர்ன் பக்கத்தையும் மாற்றலாம். எந்த ஜோடி முதலில் சர்வ் என்பது மட்டும் முந்தைய வரிசைப்படியே தொடரும். இரண்டாவது செட்டுக்கும் மேட்ச் டை-பிரேக்குக்கும் நடுவே 120 விநாடி இடைவேளை. அதில் தண்ணீர் குடிப்பதோடு இதையும் பேசி முடிக்க வேண்டும்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. அந்த நேரத்தில் புதுப் பந்து வர வேண்டிய முறையாக இருந்தாலும் மேட்ச் டை-பிரேக் தொடக்கத்தில் பந்து மாற்றமாட்டார்கள். பழைய, பஞ்சு எழும்பிய பந்திலேதான் ஆட்டம் முடியும். வெறும் வேக சர்வை நம்பும் ஜோடிக்கு இது சின்ன அடி.

இடதுகை:

நடுவர் சொன்ன "ஜோடிக்குள் சர்வ் வரிசை" விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். டிவியில் வர்ணனை செய்பவர்கள்கூட இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

ஒரு செட்டுக்குள் ஒவ்வொரு ஆட்டக்காரரும் எப்போதும் ஒரே முனையிலிருந்துதான் சர்வ் செய்வார். ஒற்றைப்படை கேம் முடிந்ததும் முனை மாறும், நால்வருக்கும் சர்வ் சுற்று நான்கு கேமுக்கு ஒருமுறை வரும். இரண்டும் பொருந்திப்போவதால் வரும் விளைவு இது. தாளில் 1, 5, 9 என்று எழுதிப் பாருங்கள். முதல் கேமில் சர்வ் செய்தவர் ஐந்தாவதிலும் ஒன்பதாவதிலும் அதே முனையில் நிற்பார்.

அதனால் வெயில் ஒரு முனையில் கண்ணைக் குத்துகிறது என்றால், அந்த முனை யாருக்குப் போக வேண்டும் என்று செட் தொடங்கும் முன்பே திட்டமிடலாம். இடதுகை, வலதுகை ஜோடிக்கு இது வரப்பிரசாதம். வலதுகைக்காரர் பந்தைத் தூக்கிப் போடும் கோணத்தில் சூரியன் நேராக இருந்தால், இடதுகைக்காரருக்கு அது தோளுக்குப் பின்னால் போயிருக்கும். காற்றும் இப்படித்தான்: முதுகில் காற்று வாங்கும் முனை வேகக்காரருக்கு, எதிர்காற்று முனை கிக் சர்வ் (சுழன்று எகிறி எழும் சர்வ்) நன்றாக வருபவருக்கு.

கவனிக்க வேண்டியது: இந்த ஏற்பாடு செட்டுக்கு செட் தலைகீழாகலாம். 6-4 என்று 10 கேமில் செட் முடிந்தால் உடனே முனை மாறாது. அடுத்த செட்டின் முதல் கேம் முடிந்துதான் மாறும். 6-3 என்றால் செட் முடிவிலேயே மாறும். அதைக் கணக்கில் எடுக்காமல் "போன செட்டில் நீதானே முதலில் சர்வ், இப்பவும் நீயே போ" என்று நடப்பதுதான் புது ஜோடிகளின் முதல் தப்பு.

மேட்ச் டை-பிரேக்கில் இந்தப் பாதுகாப்பும் போய்விடும். முதல் சர்வரை அ1, அவர் ஜோடியை அ2, எதிரணியை ஆ1, ஆ2 என்று வைத்துக்கொள்ளுங்கள். பாயிண்ட் 1 அ1, 2, 3 ஆ1, 4, 5 அ2, 6, 7 ஆ2, 8, 9 அ1, 10, 11 ஆ1, 12, 13 அ2, 14, 15 ஆ2, 16, 17 அ1, 18 ஆ1. முனை மாறுவது 6, 12, 18 பாயிண்ட் முடிந்ததும்.

இப்போது அ1 நிலையைப் பாருங்கள். முதல் பாயிண்ட் ஒரு முனையில், 8உம் 9உம் எதிர்முனையில், 16உம் 17உம் மறுபடி பழைய முனையில். இரண்டு செட் முழுக்க முதுகில் வெயிலோடு சர்வ் செய்தவர், 4-3 என்று நெருக்கமாக இருக்கும்போது முதல்முறையாகச் சூரியனைப் பார்த்துப் பந்தைத் தூக்குகிறார். டபுள் ஃபால்ட் அங்கே வந்தால் அதைப் பதற்றம் என்று எழுதுவார்கள். பாதி நேரம் அது வெயில்.

எண்கணக்கு:

அருமை. உங்கள் வரிசையிலிருந்தே இன்னொரு கணக்கு. 10-8 என்று முடிந்தால் மொத்தம் 18 பாயிண்ட்: அ1 ஐந்து சர்வ், ஆ1 ஐந்து, அ2 நான்கு, ஆ2 நான்கு. அந்த ஐந்தாவது சர்வ் வருவது 17ஆவது, 18ஆவது பாயிண்டில், அதாவது ஆட்டம் முடியும் இடத்தில். நல்ல சர்வரை முதலில் வைக்க இதைவிடக் காரணம் வேண்டுமா? 10-6 என்றால் நால்வருக்கும் நான்கு நான்கு, வித்தியாசம் இல்லை.

ஒற்றைப்படை பாயிண்ட் டியூஸ் பக்கம், இரட்டைப்படை ஆட் பக்கம் என்பதால், முதல் பாயிண்டைத் தவிர ஒவ்வொருவரின் இரண்டு சர்வும் ஆட் பக்கத்தில்தான் தொடங்கும். ஆட் பக்கம் பலவீனமான சர்வருக்கு இது தொல்லை.

கோடு_தொட்டது:

எல்லாம் சரி, நீங்கள் சொல்வதெல்லாம் முதல் சீட் ஜோடிக்கும் பொருந்தும்தானே? வெயிலும் நோ-ஆட்டும் இரு பக்கத்துக்கும் சமம். அப்படியிருக்க இந்த வரிசைக் கணக்கெல்லாம் அவர்களுக்குச் சாதகமாகத்தானே இருக்க வேண்டும்? ஒன்றாக ஆடிப் பழகியவர்கள் அவர்கள்தானே.

வலையோரம்:

பழகியவர்கள் என்பது உங்கள் ஊகம். சீட் என்பது இரண்டு தனி எண்களின் கூட்டுத்தொகை. ஜோடியாக எத்தனை ஆட்டம் ஆடினார்கள் என்று அது சொல்லாது. 85ஆவது இடத்தில் இருப்பவரின் வழக்கமான பார்ட்னருக்குத் தோள்வலி என்றால், அந்த வாரம் 92ஆவது இடத்தில் தனியாக இருக்கும் இன்னொருவரோடு பெயர் கொடுப்பார். கூட்டுத்தொகை 177, முதல் சீட். இருவரும் ஒன்றாக நிற்பதே அன்றைக்குத்தான்.

அவசர ஜோடி எங்கே உடையும் என்றால் பெரும்பாலும் இந்த மூன்று இடத்தில்தான். ஒன்று, நடுப்பந்து. இருவருக்கும் நடுவே வரும் பந்தை யார் எடுப்பது? வலதுகைக்காரர் டியூஸ் பக்கமும் இடதுகைக்காரர் ஆட் பக்கமும் நின்றால் இருவரின் பேக்ஹேண்டும் நடுவில். மாறி நின்றால் இருவரின் ஃபோர்ஹேண்டும் நடுவில். இரண்டிலும் முன்கூட்டி ஒரு வழக்கம் வேண்டும். இல்லாவிட்டால் இருவரும் மட்டையைத் தூக்கி இருவரும் நிறுத்திவிடுவார்கள். இரண்டு, தலைக்கு மேல் போகும் லாப். வலையருகே நிற்பவர் "மாறு" என்று கத்த வேண்டுமா, பின்னால் நிற்பவர் கத்த வேண்டுமா? பின்னால் நிற்பவர்தான், அவருக்குத்தான் பந்தும் களமும் சேர்ந்து தெரியும். மூன்றாவது ஐ-ஃபார்மேஷன். அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும், யாராவது எழுதுங்கள்.

டியூஸ்_பக்கம்:

நான் எழுதுகிறேன்.

ஐ-ஃபார்மேஷனில் சர்வர் அடிக்கோட்டின் நடுக்குறிக்கு ஒட்டி நிற்பார். பார்ட்னர் வலைக்கு அருகே நடுக்கோட்டின் மேலேயே குனிந்து உட்கார்ந்த மாதிரி இருப்பார், தலை வலை உயரத்துக்குக் கீழே. சர்வ் போனதும் முன்பே முடிவான பக்கம் பாய்வார். சர்வர் மறுபக்கத்தை மூடுவார். எந்தப் பக்கம் மூடியிருக்கிறது என்று ரிட்டர்னருக்குக் கடைசி நொடி வரை தெரியாது. அதுதான் பலன்.

சரியாகச் செய்ய நான்கு காரியம் வேண்டும். பார்ட்னர் முதுகுக்குப் பின்னால் விரலால் பக்கமும் சர்வ் திசையும் காட்டுவார். சர்வர் வாய்விட்டு "சரி" என்பார், தலையாட்டினால் போதாது, முன்னால் இருப்பவருக்கு முதுகில் கண் இல்லை. சர்வ் நடுக்கோட்டுக்கோ உடம்புக்கோ போக வேண்டும். முதல் சர்வ் உள்ளே விழ வேண்டும். வேகத்தைப் பத்து சதவீதம் குறைத்தாலும் பரவாயில்லை.

எங்கே கெடுகிறது? சர்வர் பழக்கதோஷத்தில் சாதாரண இடத்தில், நடுக்குறிக்கும் ஒற்றையர் ஓரக்கோட்டுக்கும் நடுவே போய் நிற்பார். அங்கிருந்து மறுபக்கத்தை மூட நாலு அடி கூடுதல் ஓட்டம், நேர்க்கோட்டு ரிட்டர்ன் ஆளில்லாத இடத்தில் விழும். அல்லது வெளிப்பக்க சர்வ் போடுவார். ரிட்டர்னருக்குக் கோணம் திறந்துவிடும், நடுவில் குனிந்திருப்பவர் எந்தப் பக்கம் பாய்ந்தாலும் தாமதம். அல்லது பார்ட்னர் அவசரப்பட்டு முன்னாலேயே நகர்ந்துவிடுவார். நல்ல ரிட்டர்னருக்கு அரை அடி அசைவே போதும்.

ஆட் பக்கத்தில் இன்னொரு பொறி. நடுக்கோட்டு சர்வ் வலதுகை ரிட்டர்னரின் ஃபோர்ஹேண்டுக்குப் போகும். அங்கே நடுக்கோட்டைவிட இடுப்பைக் குறிவைப்பதுதான் நல்லது. டியூஸ் பக்கத்தில் நடுக்கோடு அவர் பேக்ஹேண்ட், கவலையில்லை.

ரிட்டர்ன் எடுப்பவர்களுக்கு மருந்து: தாழ்வாக நடுவில், முன்னால் ஓடிவருபவரின் காலடியில். இல்லாவிட்டால் வலை ஆளின் தலைக்கு மேல் லாப், முதல் இரண்டு கேமுக்குள் ஒரு தடவையாவது. புள்ளி போனாலும் போகட்டும். அதற்கப்புறம் அவர் அரை அடி பின்னால் நிற்பார்.

ஒற்றையர் ஆட்டக்காரர்கள் இதையெல்லாம் கண்டுகொள்வதே இல்லை. ரிட்டர்னில் இருவருமே அடிக்கோட்டில் நின்று, எதிரில் வலையில் நிற்பவரைப் பார்த்தே ஓங்கி அடிப்பார்கள். அழகில்லை. ஆனால் மெதுவான தரையில் வேலை செய்கிறது. முதல் சீட் இரட்டையர் நிபுணர்கள் இதில்தான் திணறுவார்கள். அவர்களின் வாலி (பந்து தரையில் படும் முன் அடிப்பது), மணிக்கு 130 கிலோமீட்டரில் மார்புக்கு வரும் பந்துக்குப் பழகியது இல்லை.

நாற்காலி_நடுவர்:

சிறு சேர்க்கை. சர்வ் நேராக வந்து சர்வரின் சொந்தப் பார்ட்னர் மேல் பட்டால் ஃபால்ட். எதிரணியில் ரிட்டர்ன் எடுக்காதவர் மேல் தரையில் படாமல் பட்டால் சர்வ் செய்த ஜோடிக்குப் பாயிண்ட். ஐ-ஃபார்மேஷனில் குனிய மறந்தவர் முதுகு வீங்குவதும் ஒரு சர்வ் போவதும் ஒரே சமயத்தில் நடக்கும்.

2013இன் முதல் மூன்று மாதம் சேலஞ்சரில் சர்வ் லெட் இல்லாமல் சோதித்துப் பார்த்தார்கள். வலையில் உரசி உள்ளே விழுந்தால் ஆட வேண்டியதுதான். இன்று நடைமுறையில் இல்லை. இந்த மாதிரிச் சோதனைக்கெல்லாம் எலி சேலஞ்சர்தான்.

புதுப்பார்வை:

வாக்கோவர், 'மாற்று' என்றெல்லாம் டிராவில் வருகிறதே, அதுவும் முடிவைப் பாதிக்குமா?

வலையோரம்:

ரொம்பவே. டிரா போட்ட பிறகு ஜோடியில் ஒருவரை மட்டும் மாற்ற முடியாது. ஒருவருக்கு அடிபட்டால் ஜோடியே விலகும். முதல் ஆட்டத்துக்கு முன் விலகினால் களத்தில் காத்திருக்கும் மாற்று ஜோடி அந்த வரியில் ஏறும். அதற்குப் பிறகு என்றால் எதிரணிக்கு வாக்கோவர், ஆடாமலே வெற்றி.

சேலஞ்சரில் விலகல் அதிகம். ஒற்றையரில் அரையிறுதி வரை போனவர் அன்று மாலையே இரட்டையருக்கும் இறங்க வேண்டியிருக்கும். போதிய ஓய்வு தந்துதான் இறக்குவார்கள், ஆனாலும் கால் கால்தானே. ஒற்றையரில் முதல் நாளே தோற்றவரின் மனம் அடுத்த வாரப் போட்டி நடக்கும் ஊரில் இருக்கும். ஒற்றையர் ஆட்டக்காரர்கள் முதல் சுற்றில் முதல் சீட்டை வீழ்த்திவிட்டுக் காலிறுதியில் விலகுவது இதனால்தான். முதல் சீட்டுக்கு எவ்வளவு எரிச்சலாக இருக்கும் பாருங்கள்.

அந்தத் தோல்வியின் விலையும் பெரிது. முதல் சுற்றில் தோற்ற ஜோடிக்குத் தரவரிசைப் புள்ளி பூஜ்யம். ஜெயித்தால் போட்டியின் பெயரிலுள்ள எண்தான் பட்டப் புள்ளி: 50, 75, 100, 125, 175. புள்ளி இருவருக்கும் முழுதாக, பரிசுத்தொகை பாதி பாதி. 2023இல் சேலஞ்சர் தொடரின் மொத்தப் பரிசுத்தொகையை 75 சதவீதம் உயர்த்தி 2 கோடியே 11 லட்சம் டாலர் ஆக்கினார்கள். ஆனாலும் இரட்டையர் பங்கு ஒற்றையரைவிட மிகச் சிறியது. பயிற்சியாளரை இருவரும் சேர்ந்து ஒருவரை வைத்துக்கொண்டாலே பெரிய விஷயம்.

கோடு_தொட்டது:

இவ்வளவு நேரம் எல்லாரும் சேர்ந்து இதை ஒரு குலுக்கல் என்று நிரூபித்துவிட்டீர்கள். அப்படியானால் ஜூலியன் கேஷ், ஹென்றி பேட்டன் ஜோடியை என்ன செய்வது? 2022இல் ஒரே ஆண்டில் பத்து சேலஞ்சர் பட்டம். பத்துப் பட்டம் என்றால் நாற்பது வெற்றி. குலுக்கலில் நாற்பது விழுமா? பேட்டன் 2024இல் ஹாரி ஹெலியோவாராவோடு விம்பிள்டன், 2025இல் ஆஸ்திரேலிய ஓப்பன். கேஷ் 2025இல் லாய்ட் கிளாஸ்பூலோடு விம்பிள்டன். இருவருமே இதே நோ-ஆட், இதே பத்துப் புள்ளியில்தான் வளர்ந்தார்கள்.

எண்கணக்கு:

நல்ல அடி. ஆனால் நான் குலுக்கல் என்று சொல்லவில்லை. சிறிய மேன்மையை இந்த முறை கரைத்துவிடும். பெரிய மேன்மையைக் கரைக்காது. சர்வில் 65 வெல்லும் ஜோடிக்கும் 63 வெல்லும் ஜோடிக்கும் இடையில் யார் வென்றாலும் ஆச்சரியமில்லை. 72 வெல்லும் ஜோடி வந்தால் சர்வ் கேமில் ஏறக்குறைய 16 சதவீதம்தான் 40-40க்குப் போகும். அப்புறம் நோ-ஆட் என்ன செய்யும்? பெரும்பாலான வாரங்களில் முதல் சீட்டுக்கும் எட்டாவது ஜோடிக்கும் உள்ள தூரம் அந்த 65, 63 அளவுதான். சீட் எண் பெரிதாகத் தெரிகிறது, இடைவெளி சின்னது.

இடதுகை:

நிலையான ஜோடி என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாரம் ஒரு பார்ட்னர் என்று இல்லாமல் ஆண்டு முழுக்க ஒரே ஆள். நடுப்பந்து, லாப், விரல் சைகை எதையும் யோசிக்க வேண்டியதில்லை. @வலையோரம் சொன்ன மூன்று ஓட்டையும் அடைந்துவிடுகிறது. டிராவைப் பார்க்கும்போது கூட்டுத்தொகையோடு, கடைசி எட்டு வாரத்தில் இவர்கள் எத்தனை ஆட்டம் சேர்ந்து ஆடினார்கள் என்று எண்ணிப் பாருங்கள். கூட்டுத்தொகை 260 ஆனாலும் பதினைந்து ஆட்டம் சேர்ந்து ஆடிய ஜோடியை, 177இல் முதல் தடவை சேர்ந்த ஜோடிக்கு மேலே வைப்பேன்.

நாற்காலி_நடுவர்:

யாரும் தொடாத ஒரு பொருள்: சிங்கிள்ஸ் ஸ்டிக். சேலஞ்சரில் ஒரே களத்தில் ஒற்றையர் முடிந்து இரட்டையர் நடக்கும். வலை நடுவில் 91.4 செ.மீ., கம்பத்தில் 1.07 மீட்டர். ஒற்றையருக்கு ஓரக்கோட்டுக்கு வெளியே 91.4 செ.மீ. தள்ளி இரண்டு குச்சி நட்டு வலையை அங்கேயே 1.07க்கு உயர்த்துவார்கள். இரட்டையருக்கு முன் எடுத்துவிட வேண்டும். எடுக்க மறந்தால் 1.37 மீட்டர் அகல ஓரப்பட்டைக்கு மேலே வலை ஏறக்குறைய 3 செ.மீ. உயர்ந்து நிற்கும். நேர்க்கோட்டு ரிட்டர்ன் வலையின் வெள்ளைப் பட்டையில் இடிப்பது தொடர்ந்தால் முதலில் அந்தக் குச்சியைப் பார்க்க வேண்டும். நடுவர் பார்க்க வேண்டியதுதான், ஆனால் வார்ம்-அப்பில் ஆட்டக்காரரும் ஒரு கண் வைத்தால் நல்லது.

புதுப்பார்வை:

கடைசியாக ஒன்று. மேட்ச் டை-பிரேக்கில் 5-3 இருக்கும்போது, ஆள் மாறி சர்வ் செய்துவிட்டார்கள் என்று தெரிகிறது. அ1 செய்ய வேண்டியதை அ2 செய்துவிட்டார். ஆடிய புள்ளி என்ன ஆகும்?

நாற்காலி_நடுவர்:

ஆடி முடித்த புள்ளி அப்படியே நிற்கும், அதில் கை வைக்க முடியாது. இனி யார் சர்வ் என்பது தவறு எப்போது தெரிந்தது என்பதைப் பொறுத்தது. மொத்தப் புள்ளி இரட்டைப்படையாக இருக்கும்போது தெரிந்தால் உடனே திருத்த வேண்டும். ஒற்றைப்படையாக இருக்கும்போது தெரிந்தால் மாறிய வரிசையே தொடரும். உங்கள் உதாரணத்தில் 5-3, மொத்தம் 8, இரட்டைப்படை. @இடதுகை போட்ட வரிசையில் எட்டாவது, ஒன்பதாவது சர்வ் அ1 உடையது. எட்டாவதை அ2 செய்துவிட்டார், அது நிற்கும். ஒன்பதாவதுக்கு அ1 வர வேண்டும். அ2 ஒன்பதாவதுக்கு ஏற்கெனவே முதல் சர்வ் போட்டு ஃபால்ட் ஆகியிருந்தால் அந்த ஃபால்டும் நிற்கும், ஒரே ஜோடிக்குள் நடந்த தவறு என்பதால். அ1 வந்து இரண்டாவது சர்வ் போட வேண்டியதுதான்.

ரிட்டர்ன் பக்கம் மாறி நின்றது தெரிந்தால் வேறு விதி: அந்த கேம் முடியும்வரை மாறியபடியே. மேட்ச் டை-பிரேக் முழுவதும் ஒரே கேம் என்பதால் ஆட்டம் முடியும்வரை அப்படியேதான்.

இடதுகை:

அப்போ 5-3இல் அ1 ஒன்பதாவதுக்கு வரும்போது வெயில் முனையில் நிற்கிறார், அதுவும் இரண்டாவது சர்வோடு. அ2 பாவம், நல்லதுக்குத்தான் மாற்றிப் போட்டிருப்பார்.